ஆஸ்டெரிஸ்க்கும் இணையத் தொலைபேசியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஸ்டெரிஸ்க் என்பது ஒரு கணினியை அலுவலகத் தொலைபேசி இணைப்பகமாக்கும் கட்டற்ற மென்பொருள். ஒரு சிறிய அலுவலகம் அல்லது பள்ளி, எட்டுப் பத்து உள் எண்கள், சர்வராக ஒரு ராஸ்பெரி பை என்ற சிறு கணினி (கீழே வெறும் "பை"), ஃபைபர் இணைப்பு. கீழே உள்ள பதில்கள் இந்த அளவை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அமைப்புகளின் பெயர்களைச் சொல்கிறபடியே தமிழில் எழுதியிருக்கிறோம். கோப்பில் எழுதும்போது சொற்களுக்கு நடுவே இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு போடுங்கள்.

வாட்ஸ்அப் இருக்கும்போது இது எதற்கு?

வீட்டாரோடு பேச மட்டும் என்றால் தேவையே இல்லை. வரவேற்பறைக்கு வரும் அழைப்பைக் கணக்குப் பிரிவுக்கு மாற்ற வேண்டும், மேசைத் தொலைபேசியும் கைபேசியும் ஒரே எண்ணுக்கு அடிக்க வேண்டும், ஆள் இல்லாதபோது குரல் பதிவாக வேண்டும் என்றால்தான் தேவை.

இன்னொரு காரணமும் உண்டு. 2003-இல் வந்த ஸ்கைப்பின் நெறிமுறை வெளியாருக்குத் திறக்கப்படாதது. அதை ஆஸ்டெரிஸ்க்கோடு இணைக்க, ஆஸ்டெரிஸ்க்கை வளர்த்த டிஜியம் நிறுவனம் ஒரு நிரல் விற்றது. மைக்ரோசாஃப்ட் ஸ்கைப்பை வாங்குவதாக அறிவித்த 2011-லேயே அந்த விற்பனை நின்றது. 2025 மே 5-இல் ஸ்கைப்பே மூடப்பட்டது. தொலைபேசியும் சர்வரும் அழைப்பை ஏற்படுத்தப் பேசிக்கொள்ளும் சிப் (எஸ்ஐபி) என்ற நெறிமுறை அப்படியல்ல. 2002-இல் ஆர்எஃப்சி 3261 என்று வெளியான பொதுத் தரம் அது. சர்வரை மாற்றினால் தொலைபேசியைத் தூக்கிப் போட வேண்டாம். தொலைபேசியை மாற்றினால் சர்வரைத் தொட வேண்டாம்.

ஆஸ்டெரிஸ்க், ஃப்ரீபிபிஎக்ஸ், ஃப்ரீஸ்விட்ச், கமாலியோ: எதை எடுப்பது?

இந்த அளவுக்கு ஆஸ்டெரிஸ்க். லினக்ஸ் உதவி நிறுவனம் நடத்திய மார்க் ஸ்பென்சர், விலைக்குத் தொலைபேசி அமைப்பு வாங்க வழியில்லாமல் 1999-இல் எழுதத் தொடங்கியது. ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தின் இரண்டாம் பதிப்பில் கிடைக்கிறது. ஃப்ரீபிபிஎக்ஸ் அதன் மேல் போர்த்திய வலைத்திரை. வசதிதான், ஆனால் கோப்புகளை அதுவே எழுதுவதால் பழுது வரும்போது உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாது. முதல் தடவை வெறும் ஆஸ்டெரிஸ்க்கில் கையால் எழுதிப் பழகுங்கள். கமாலியோ ஆயிரக்கணக்கான தொலைபேசிப் பதிவுகளைக் கையாளும் சிப் வழிகாட்டி. குரல் பெட்டி போன்ற வேலைகளுக்காக வந்ததல்ல. ஃப்ரீஸ்விட்ச் நல்ல மென்பொருள், எட்டு எண்ணுக்கு அது அதிகம்.

என்னென்ன சாமான் வேண்டும்?

2 ஜிபி ராஸ்பெரி பை 4 போதும். எஸ்டி கார்டில் ஓட்டாதீர்கள்; பதிவேடுகளை எழுதி எழுதியே கார்டு செத்துப்போகும். யுஎஸ்பி வழியாக ஒரு சிறிய எஸ்எஸ்டி மாட்டுங்கள். பையை ரவுட்டரோடு கேபிளால் இணையுங்கள், வைஃபை வேண்டாம்.

கரண்ட் போனால் ரவுட்டர், ஃபைபர் பெட்டி, பை மூன்றும் நிற்கும். மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய 15 வாட் இழுக்கும். 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி கணக்குப்படி 84 வாட்-மணி. மாற்று இழப்பு போக நான்கு மணி நேரம் தாங்கும்.

பேசுவதற்குப் பழைய ஆண்ட்ராய்டு கைபேசியில் லின்ஃபோன் செயலி போதும். வரவேற்பறைக்கு மட்டும் ஒரு மேசை ஐபி தொலைபேசி வாங்கலாம். ஏற்கெனவே உள்ள சாதாரணத் தொலைபேசியைப் பயன்படுத்த ஏடிஏ என்ற சிறு பெட்டி வேண்டும்.

டெபியனில் ஆஸ்டெரிஸ்க் பொதியைத் தேடினால் கிடைக்கவில்லையே?

டெபியன் என்ற லினக்ஸ் வகையின் 12-ஆம் பதிப்பில், நிலையான களஞ்சியத்தில் அந்தப் பொதி இல்லை. ராஸ்பெரி பை ஓஎஸ் டெபியனை ஒட்டியது என்பதால் அங்கும் அதே கதை. மூலநிரலை இறக்கித் தொகுக்க வேண்டும். நீண்டகால ஆதரவுப் பதிப்பாக 20 அல்லது 22-ஐ எடுங்கள்.

பிரித்த கோப்புறையில் முதலில் காண்ட்ரிப், ஸ்கிரிப்ட்ஸ் உள்ளே இருக்கும் "இன்ஸ்டால் ப்ரீரெக்" நிரலை "இன்ஸ்டால்" என்ற சொல்லோடு ஓட்டுங்கள். தேவையான நூலகங்களை அதுவே போடும். பிறகு கன்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால் என்ற கட்டளைகள். பையில் மேக் முடிய நேரம் எடுக்கும், கவலை வேண்டாம். அடுத்து பலரும் "மேக் சாம்பிள்ஸ்" போட்டு நூற்றுச் சொச்சம் மாதிரிக் கோப்புகளைக் கொட்டிக்கொள்கிறார்கள். அது வேண்டாம், "மேக் பேசிக்-பிபிஎக்ஸ்" போடுங்கள். ஒரு சிறு அலுவலகத்துக்கு வேண்டியது மட்டும் வரும். கடைசியாக மேக் கன்ஃபிக். ஆஸ்டெரிஸ்க்கை ரூட்டாக (முழு அதிகாரமுள்ள பயனராக) ஓட்டாமல் தனிப் பயனர் பெயரில் ஓட்டுங்கள்.

இணையத்தில் கிடைக்கும் பழைய பாடங்கள் பாதிக்கு மேல் "சிப்.கான்ஃப்" கோப்பைச் சொல்லும். அந்தப் பழைய சிப் இயக்கி 21-ஆம் பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டது. இப்போது "பிஜேசிப்.கான்ஃப்" மட்டுமே.

தொலைபேசி சர்வரில் பதிவாக மறுக்கிறது. பாஸ்வேர்டு சரிதான்.

ஒரு தொலைபேசிக்கு மூன்று பகுதிகள் எழுத வேண்டும்: எண்ட்பாயிண்ட், ஆத், ஏஓஆர். எண்ட்பாயிண்ட் என்பது ஆள், ஆத் என்பது சாவி, ஏஓஆர் என்பது அவர் இப்போது எந்த முகவரியில் இருக்கிறார் என்று குறித்துவைக்கும் சீட்டு. மூன்றுக்கும் 101 என்றே பெயர் வைக்கலாம். வகை வேறாக இருந்தால் போதும்.

சர்வர் தரும் எண்ணைப் பாருங்கள்.

401 வந்தால் உடனே பதற வேண்டாம். முதல் பதிவுக் கோரிக்கைக்கு 401 வருவதுதான் முறை. "சாவியைக் காட்டு" என்று அதற்குப் பொருள். இரண்டாம் கோரிக்கைக்கும் 401 வந்தால்தான் பாஸ்வேர்டோ பயனர் பெயரோ தவறு.

403 என்றால் பெரும்பாலும் ஏஓஆரில் "மேக்ஸ் காண்டாக்ட்ஸ்" எழுதாமல் விட்டிருப்பீர்கள். அதன் இயல்பு மதிப்பு 0. அதாவது யாருமே பதிவாகக் கூடாது. 1 என்று வையுங்கள். ஒரே எண்ணில் மேசைத் தொலைபேசியும் கைபேசியும் வேண்டுமானால் 2.

404 என்றால் ஏஓஆரின் பெயரும் செயலியில் கொடுத்த பயனர் பெயரும் பொருந்தவில்லை.

லின்ஃபோனில் ஒரு சறுக்கல் உண்டு. முதல் திரை அவர்களுடைய சொந்தச் சேவையில் கணக்குத் தொடங்கச் சொல்லும். அதை விட்டுவிட்டு வேறு சிப் கணக்கு என்ற வழியில் போய், டொமைன் என்ற இடத்தில் பையின் ஐபி முகவரியைக் கொடுங்கள்.

மணி அடிக்கிறது, எடுத்தால் குரல் இல்லை. அல்லது ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது.

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள். இணையத் தொலைபேசியில் மணி அடிப்பது வேறு, குரல் போவது வேறு. மணி அடிக்கும் வேலை சிப்புக்கு. 5060 என்ற போர்ட்டில் போகும். குரல் ஆர்டிபி என்ற இன்னொரு நெறிமுறையில், வேறு போர்ட்டில் போகும். ஆஸ்டெரிஸ்க்கின் மாதிரிக் கோப்பில் அதற்கு 10000 முதல் 20000 வரை ஒதுக்கியிருக்கும். எந்த முகவரிக்குக் குரலை அனுப்ப வேண்டும் என்பதைத் தொலைபேசி தன் சிப் கடிதத்துக்குள்ளேயே எழுதி அனுப்புகிறது. வீட்டு ரவுட்டர் உறை மேலிருக்கும் முகவரியை மாற்றும். கடிதத்துக்குள் இருப்பதைத் தொடாது. வினை அங்கேதான்.

எஸ்என்கிரெப் என்ற சிறு நிரலை நிறுவி, பையில் ஓட்டி, வெளியிலிருந்து ஓர் அழைப்பு போட்டுப் பாருங்கள். இன்வைட் என்ற வரியில் எண்டர் தட்டினால் கடிதம் விரியும். கீழ்ப் பாதியில் "சி" என்று தொடங்கும் வரியில் ஓர் ஐபி முகவரியும், "எம்" என்று தொடங்கும் வரியில் ஆடியோ என்ற சொல்லோடு ஒரு போர்ட் எண்ணும் இருக்கும். சி வரியில் 192.168 என்றோ 10 என்றோ தொடங்கும் முகவரி இருந்து, அழைத்தவர் வேறு ஊரில் இருந்தால் கண்டுபிடித்தாயிற்று. அந்த முகவரி அவருடைய வீட்டுக்குள் மட்டுமே செல்லும். ஆஸ்டெரிஸ்க் குரலை அங்கே அனுப்பிக்கொண்டே இருக்கும், அது எங்கும் போய்ச் சேராது.

சரிசெய்ய இரண்டு பக்கமும் வேலை உண்டு. எண்ட்பாயிண்ட்டில் "ஆர்டிபி சிமெட்ரிக்", "ரீரைட் காண்டாக்ட்" இரண்டையும் யெஸ் ஆக்குங்கள். கடிதத்தில் எழுதியதை நம்பாமல், குரல் எங்கிருந்து வருகிறதோ அங்கேயே திருப்பி அனுப்பும். "டைரக்ட் மீடியா"வை நோ ஆக்குங்கள். இல்லாவிட்டால் இரண்டு தொலைபேசிகளையும் நேராகப் பேசச் சொல்லி ஆஸ்டெரிஸ்க் நடுவிலிருந்து விலகப் பார்க்கும். சர்வரும் ரவுட்டருக்குப் பின்னால் இருந்தால் டிரான்ஸ்போர்ட் பகுதியில் "எக்ஸ்டர்னல் மீடியா அட்ரஸ்", "எக்ஸ்டர்னல் சிக்னலிங் அட்ரஸ்" இரண்டிலும் பொது முகவரியையும், "லோக்கல் நெட்"டில் உள் வலையையும் எழுதுங்கள். லோக்கல் நெட்டை மறந்தால் உள்ளுக்குள் பேசுகிறவர்களுக்கும் பொது முகவரி போய், அதுவரை வேலை செய்துகொண்டிருந்ததும் கெடும். டிரான்ஸ்போர்ட் மாற்றங்களுக்கு ரீலோட் போதாது, ஆஸ்டெரிஸ்க்கை நிறுத்தித் தொடங்க வேண்டும்.

கடைசியாக, ரவுட்டரில் "சிப் ஏஎல்ஜி" என்று ஒரு வசதி இருக்கும். உதவி செய்வதாக நினைத்துக் கடிதத்தின் உள்ளேயும் கைவைக்கும், அரைகுறையாக. அதை அணைத்துவிடுங்கள்.

அழைப்பு சரியாக 32 நொடியில் அறுந்துவிடுகிறது.

தற்செயல் அல்ல. எடுத்தவர் பக்கம் "எடுத்தேன்" என்று 200 எண்ணோடு சொன்னால், அழைத்தவர் "சரி" என்று ஏசிகே அனுப்ப வேண்டும். அது வராவிட்டால் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்து, 64 மடங்கு அரை நொடி, அதாவது 32 நொடி முடிந்ததும் இணைப்பைக் கைவிடும். குரல் நன்றாக இருக்கும், இருந்தும் அறுபடும். சிப் கடிதத்தில் "எனக்கு இங்கே பதில் அனுப்பு" என்று சொல்லும் காண்டாக்ட் முகவரி தவறு என்பதே காரணம். மேலே சொன்ன ரீரைட் காண்டாக்ட்டும் எக்ஸ்டர்னல் சிக்னலிங் அட்ரஸும் இதைத் தீர்க்கும்.

15 நிமிடத்தில் அறுந்தால் அது செஷன் டைமர். இயல்பாக 1800 நொடி, பாதியில் ஒருமுறை புதுப்பிக்கும். அந்தப் புதுப்பிப்பு எங்கோ தடுக்கப்படுகிறது. எண்ட்பாயிண்ட்டில் "டைமர்ஸ்" நோ என்று வைத்துச் சோதியுங்கள்.

எங்கள் இணைப்பில் பொது ஐபி முகவரியே இல்லை என்கிறார்கள்.

ரவுட்டரின் வான் (வெளி இணைய) பக்க முகவரியைப் பாருங்கள். 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் இருந்தால், ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பகிர்ந்து கொடுக்கிறார்கள் என்று பொருள். போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை உள்ளே திருப்பிவிடுவது) எவ்வளவு செய்தாலும் பயன் இல்லை.

வாடகைக்கு ஒரு சிறிய விபிஎஸ் (பொது முகவரி உள்ள இணைய சர்வர்) எடுத்து, பைக்கும் அதற்கும் இடையே வயர்கார்ட் என்ற விபிஎன் சுரங்கம் போடுவதே நல்ல வழி. பை பக்கம் "பெர்சிஸ்டன்ட்கீப்அலைவ்" 25 நொடி என்று வையுங்கள். வெளியே இருக்கும் கைபேசிகளிலும் வயர்கார்ட் செயலியைப் போட்டுவிட்டால் எல்லோரும் ஒரே உள் வலையில் இருப்பது போல ஆகிவிடும். முந்தைய கேள்விகளில் பாதி கேட்க வேண்டிய அவசியமே வராது. 5060-ஐ உலகுக்குத் திறந்துவைக்கவும் வேண்டாம். விபிஎஸ் எந்த ஊரில் என்பதைப் பார்த்து எடுங்கள். ஒரு வழிக்கு 150 மில்லி நொடிக்கு மேல் தாமதம் ஆனால் இருவரும் ஒரே நேரத்தில் பேசி முட்டிக்கொள்வார்கள்.

எந்தக் கோடெக்? டேட்டா எவ்வளவு போகும்?

கோடெக் என்பது குரலை எண்களாக்கி அனுப்பும் முறை. ஜி.711 என்றால் குரலுக்கு 64 கேபிபிஎஸ். 20 மில்லி நொடிக்கு ஒரு பேக்கெட். 160 பைட் குரலுக்கு 40 பைட் தலைப்பு. ஆக 80 கேபிபிஎஸ், இரு திசையும் சேர்த்து மணிக்கு 72 எம்பி. ஓபஸ் 24 கேபிபிஎஸில் இன்னும் தெளிவாக இருக்கும். தலைப்போடு 40 கேபிபிஎஸ், மணிக்கு 36 எம்பி. குரல் எட்டில் மூன்று பங்காகச் சுருங்கியும் மொத்தம் பாதிதான் குறைந்தது. தலைப்பு சுருங்காதே.

ஓபஸ் 2012-இல் தரமாக்கப்பட்ட கட்டற்ற கோடெக். ஸ்கைப்பின் சில்க்கையும் சிஃப் அமைப்பின் செல்ட்டையும் சேர்த்து உருவானது. ஆனால் ஆஸ்டெரிஸ்க்குக்கு அதிகாரப்பூர்வமாகக் கிடைக்கும் ஓபஸ் மாற்றி மூலநிரல் இல்லாத இருமக் கோப்பு, அதுவும் எக்ஸ்86 கணினிகளுக்கு மட்டும். பையில் ஓடாது. இரண்டு பக்கமும் ஓபஸ் பேசினால் அப்படியே கடத்திவிடும். குரல் பெட்டி, கூட்டழைப்பு என்று வந்து மாற்ற வேண்டியிருந்தால் முடியாது. அதனால் பையில் ஜி.722-ஐ முதலாகவும் ஏ-லா வகை ஜி.711-ஐ இரண்டாவதாகவும் வையுங்கள். ஜி.722-உம் 64 கேபிபிஎஸ்தான், ஆனால் ஒலி அகலமானது. ஜி.711-இன் இன்னொரு வகையான மியூ-லா அமெரிக்க வழக்கம்.

குரல் விட்டு விட்டு வருகிறது.

முதலில் வைஃபையைச் சந்தேகப்படுங்கள். அது இல்லையென்றால், ஒருவர் பெரிய கோப்பை ஏற்றும்போது பிங் போட்டுப் பாருங்கள். 20 மில்லி நொடி 300 ஆனால் ரவுட்டரின் வரிசை நிரம்புகிறது. ஓபன்டபிள்யூஆர்டி மென்பொருள் ஓடும் ரவுட்டரில் எஸ்கியூஎம் (வரிசையைக் கட்டுப்படுத்தும் வசதி) போட்டு, கேக் முறையைத் தேர்ந்து, வேகத்தை உண்மையான ஏற்று வேகத்தில் 85-90 சதவீதமாகக் கட்டுங்கள்.

கைபேசித் திரை அணைந்தால் அழைப்பு வருவதில்லை.

ஆண்ட்ராய்டின் பேட்டரிச் சிக்கனம் செயலியைத் தூங்க வைக்கிறது. லின்ஃபோனுக்கு அந்தச் சிக்கனத்தை விலக்குங்கள். ஏஓஆரில் "குவாலிஃபை ஃப்ரீக்வென்சி" 25 என்று வைத்தால் ரவுட்டர் யுடிபி வழியை மறப்பதற்குள் ஒரு தட்டு தட்டிக்கொண்டே இருக்கும். தவறாமல் அடித்தே ஆக வேண்டிய எண்ணுக்கு மேசைத் தொலைபேசிதான் சரி, கைபேசியை நம்பாதீர்கள்.

பழைய லேண்ட்லைனை இதோடு சேர்க்க முடியுமா?

எஃப்எக்ஸ்ஓ முனை (லேண்ட்லைன் கம்பியை மாட்டும் இடம்) உள்ள பெட்டி வேண்டும். எஃப்எக்ஸ்எஸ் அல்ல, அது தொலைபேசிக் கருவியை மாட்டுவதற்கு. கிராண்ட்ஸ்ட்ரீம் எச்டி813-இல் இரண்டும் ஒவ்வொன்று உண்டு.

வழக்கமான வம்பு: எதிர்முனை வைத்த பிறகும் லைன் பிடித்தபடியே நிற்கும், குரல் பெட்டியில் வெறும் "டொய்ங் டொய்ங்" பல நிமிடம் பதிவாகியிருக்கும். வைத்துவிட்டார்கள் என்பதைப் பெட்டி அந்த பிஸி ஒலியைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்க அமைப்போடு வந்த பெட்டிக்கு இந்திய ஒலி புரியாது. துண்டிப்பு ஒலியை 400 ஹெர்ட்ஸ், 750 மில்லி நொடி ஒலி, 750 மில்லி நொடி அமைதி என்று மாற்றுங்கள். ஆஸ்டெரிஸ்க்கின் "இண்டிகேஷன்ஸ்.கான்ஃப்" கோப்பிலும் நாட்டை இந்தியா ஆக்கிவிட்டால் 400, 200, 400, 2000 மில்லி நொடி என்ற நம் பழகிய இரட்டை மணி காதில் விழும்.

"ஒன்றை அழுத்தவும்" அறிவிப்பைத் தமிழில் வைப்பது எப்படி?

ஆடாசிட்டியில் பதிந்து, சாக்ஸ் நிரலால் 8000 ஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ வேவ் கோப்பாக மாற்றுங்கள். 44100-இல் அப்படியே போட்டால் ஒலிக்காது. ஒலிக் கோப்புறைக்குள் தமிழுக்கான இரண்டெழுத்துக் குறியீட்டில் ஒரு கோப்புறை உண்டாக்கி அதில் வைத்து, சேனலின் (அழைப்பின்) மொழியையும் அதே குறியீடாக்குங்கள்.

எண்களில்தான் சிக்கல். ஆங்கில முறை இருபது என்ற கோப்பையும் ஒன்று என்ற கோப்பையும் ஒட்டும். தமிழில் அப்படி ஒட்டினால் "இருபது ஒன்று", "நூறு ஐந்து" என்று குழந்தை பேசுவது போல இருக்கும். இருபது - இருபத்து, நூறு - நூற்று, ஆயிரம் - ஆயிரத்து என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு வடிவம் பதிய வேண்டும், அவற்றைச் சேர்க்கும் விதியை "சே.கான்ஃப்"பில் நீங்களே எழுத வேண்டும். டோக்கன் எண், தொலைபேசி எண் போன்றவற்றுக்கு இந்தப் பாடு தேவையில்லை. "சேடிஜிட்ஸ்" கட்டளைக்குச் சுழியம் முதல் ஒன்பது வரை பத்துக் கோப்பு பதிந்தால் போதும்.

திறந்துவைத்தால் யாராவது புகுவார்களா?

புகுவார்கள். 5060-ஐத் திறந்த சற்று நேரத்தில் 100, 101, 1000 என்று எண்களைத் தட்டிப் பார்க்கும் தானியங்கிகள் பதிவேட்டில் தெரியும். அவர்களுக்கு உங்கள் பேச்சு வேண்டாம். உங்கள் கணக்கில் விலையுயர்ந்த வெளிநாட்டு எண்களுக்கு இரவெல்லாம் அழைத்துக் காசு பார்ப்பதே நோக்கம். பாஸ்வேர்டை எண்ணாகவே (101-க்கு 101) வைப்பது வாசலில் சாவியைத் தொங்கவிடுவது. 20 எழுத்து, தானாக உருவாக்கியது வையுங்கள். தவறாகத் தட்டும் முகவரிகளைத் தடுக்கும் ஃபெயில்2பேன் நிரலைப் போட்டால் மட்டும் போதாது. லாகர் கோப்பில் செக்யூரிட்டி வகைப் பதிவைத் திறந்தால்தான் அதற்குத் தடயம் கிடைக்கும். வெளிநாட்டு அழைப்பு தேவையில்லை என்றால் டயல்பிளானில் (எந்த எண்ணை அழுத்தினால் என்ன செய்வது என்ற விதிப் பட்டியலில்) 00-வில் தொடங்கும் வடிவத்தையே எழுதாதீர்கள். அங்கே அடிக்கோடும் புள்ளியும் மட்டும் உள்ள வடிவம் எதற்கும் பொருந்திவிடும், அதைத் தவிருங்கள்.

இந்தியாவில் சட்டப்படி சரியா?

உள் எண்களுக்கிடையே இணையம் வழியாகப் பேசத் தடையில்லை. சாதாரண எண்களுக்கு அழைக்க, உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் சிப் டிரங்க் (சிப் வழியே வரும் வெளி இணைப்பு) வாங்க வேண்டும். 2002 ஏப்ரல் 1 முதல் இணையத் தொலைபேசி அனுமதிக்கப்பட்டாலும், இந்தியத் தொலைபேசி எண்களோடு அதை இணைக்கக் கூடாது என்ற நிலை இருந்தது; 2018-இல் உரிமம் பெற்ற நிறுவனங்களுக்கு அந்த வழி திறந்தது. வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வரும் அழைப்பை வரிசையாகச் சிம் கார்டுகள் போட்ட பெட்டி வழியாக உள்ளூர் அழைப்பாக மாற்றுவது குற்றம். யாராவது "உங்கள் பையில் ஒரு சிம் பாக்ஸ் வையுங்கள், மாதம் பணம்" என்றால் கதவைச் சாத்துங்கள். அவசர எண் 112-ஐ இதன் வழியே நம்பி இருக்க வேண்டாம். சாதாரணக் கைபேசி ஒன்று கையில் இருக்கட்டும்.

உதவி கேட்கும்போது என்ன கொடுக்க வேண்டும்?

"வேலை செய்யவில்லை" என்பது போதாது. ஆஸ்டெரிஸ்க் கன்சோலில் "கோர் செட் வெர்போஸ் 5", "பிஜேசிப் செட் லாகர் ஆன்" இரண்டும் போட்டு, ஒரே ஓர் அழைப்பு செய்து, தொடக்கம் முதல் முடிவு வரை வெட்டாமல் எடுங்கள். குரல் பிரச்சினை என்றால் "ஆர்டிபி செட் டிபக் ஆன்" சேருங்கள். போன பேக்கெட், வந்த பேக்கெட் இரண்டும் மாறி மாறி ஓட வேண்டும், ஒன்று மட்டும் ஓடினால் எந்தப் பக்கம் செவிடு என்று தெரிந்துவிடும். பதிப்பு எண், சர்வரும் தொலைபேசியும் எந்த வலையில் இருக்கின்றன, நடுவில் எத்தனை ரவுட்டர் என்பதையும் எழுதுங்கள். அனுப்புவதற்கு முன் கோப்பிலிருந்து பாஸ்வேர்டு வரிகளையும் உங்கள் பொது முகவரியின் கடைசி இரு பகுதிகளையும் அழித்துவிடுங்கள். 192.168 முகவரிகளை அழிக்காதீர்கள். பார்க்கிறவர் முதலில் தேடுவது அதைத்தான்.